அம்சவேணியின் தாகம்

நுஸ்ரத் மயங்கி மெஷின் மேல் சாய்ந்த பிறகும் இரண்டு விநாடி அவளுடைய வலது கால் பெடலை மிதித்துக்கொண்டுதான் இருந்தது. ஊசி தகட்டில் குத்தி உடைந்த சத்தம் கேட்டுத்தான் நான்காம் வரிசை திரும்பிப் பார்த்தது.

எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தவள் அம்சவேணி. அவள் உட்காரும் இடம் வரிசையில் இல்லை. கூடத்தின் நடுவே, மூன்று படி உயரத்தில், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஓர் அறை அவளுடையது. அங்கிருந்து பார்த்தால் எட்டு வரிசையும் தெரியும். எட்டு வரிசைக்கும் அவளைத் தெரியும். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் சாலையில் இருக்கும் அந்த ஷூ தொழிற்சாலையில் முன்னூற்று இருபது பெண்கள் தைக்கிறார்கள். முன்னூற்று இருபது பேரும் தைப்பது அம்சவேணியின் தையல்.

இதைக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். ஷூவின் மேல்பாகத்தைப் பிசிறில்லாமல் தைக்க ஒருத்தி கற்றுக்கொள்ள முன்பெல்லாம் ஆறு மாதம் ஆகும். பக்கத்தில் தைப்பவளைப் பார்ப்பாள், தப்பாகத் தைப்பாள், திட்டு வாங்குவாள், மறுபடி பார்ப்பாள். நெற்றிப்பட்டை வந்த பிறகு அந்த ஆறு மாதம் நாலு நாளாகச் சுருங்கிவிட்டது. கெட்டிக்காரி ஒருத்தி நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒன்பது நாள் தைத்தால் அவள் கை போகிற போக்கு அதில் பதியும். மற்றவர்கள் ஆளுக்கொரு பட்டையைக் கட்டிக்கொண்டு, அவள் தைப்பதைத் திரையில் பார்த்தபடி நாலு நாள் உட்கார்ந்தால் போதும், கை தானாக வரும். அடுத்தவரைப் பார்த்துப் பழகும் குணம் எல்லார் மண்டையிலும் உண்டு, பட்டை அதற்குக் கொஞ்சம் முட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான் என்று கம்பெனி சொன்னது. ஒவ்வொரு சீசனுக்கும் புது மாதிரி ஷூ. ஒவ்வொரு புது மாதிரிக்கும் ஒரு பதிவு. நாலு வருஷத்துக்கு முன்னால் அம்சவேணியை அந்தக் கெட்டிக்காரியாகத் தேர்ந்தெடுத்தபோது ஜி.எம். ரகோத்தமன் மேடை போட்டே பேசினார். "பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்பாங்க. அம்சவேணிதான் நம்ம பூ." நார்கள் முன்னூற்று இருபதும் கைதட்டின.

இப்போது அந்த நார்களில் ஒன்று முதலுதவி அறையில் வெளிறிப்போய்ப் படுத்திருந்தது. நர்ஸம்மா நுஸ்ரத்தின் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கலக்க ஆரம்பித்தாள்.

"இந்த மாசத்துல இது பதினேழாவது. ஒண்ணு மயக்கம், இல்லன்னா நீர்க்கடுப்பு, இல்லன்னா கிட்னியில கல்லு. இன்னாதான் ஆச்சு உங்களுக்கெல்லாம்? தண்ணி குடிக்கறதே இல்லியா?"

"தாகமே எடுக்கல மேடம்," என்றாள் நுஸ்ரத். அவளுக்கு வயது இருபத்திரண்டு. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். "பட்டை போட்டதுலேர்ந்து எடுக்கறதில்ல. இந்த வாட்டி நோன்பு முப்பதும் எனக்குக் கஷ்டமாவே தெரியல. எங்க அம்மி பெருமையா தெரு பூரா சொல்லிச்சு."

அம்சவேணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

அந்தத் தொழிற்சாலையில் வரிசைக்கு நாற்பது பேர். நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளாஸ்டிக் அட்டை. சூப்பர்வைசர் பக்தவச்சலுவின் மேசைக்கு மேல் ஆணியில் தொங்கும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் போய்க் கேட்டு அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். கேட்டால் அவர் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு கேட்டவளைப் பார்ப்பார், பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி, "இப்பத்தானே ஒருத்தி போயிட்டு வந்தா?" என்பார். இவரிடம் கேட்பதைவிடக் குடிக்காமலிருப்பது சுலபம் என்று அம்சவேணி சேர்ந்த வருஷமே முடிவுகட்டிவிட்டாள். காலையில் அரை டம்ளர் காப்பி. அதற்குப் பிறகு சாயங்காலம் ஐந்தரைக்கு பஸ் ஏறும்வரை நாக்கைக்கூட நனைக்கமாட்டாள். பதினாறு வருஷத்தில் அவளுடைய தாகம் செத்துப்போயிருந்தது. அதில் அவளுக்கு ஒரு கர்வம்கூட உண்டு. நாலு பேரைப் போல எழுந்து எழுந்து ஓடாதவள் என்று பெயர் வாங்கியிருந்தாள்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு பக்தவச்சலு எட்டிப் பார்த்தார். "எழுந்துட்டாளா இல்லியா? மெஷின் சும்மா கெடக்குது."

படுத்திருந்த நுஸ்ரத்தின் இடது தோள் விருட்டென்று காதை நோக்கி உயர்ந்தது. அதே நொடியில் அம்சவேணியின் இடது தோளும் உயர்ந்தது. சேர்ந்த புதிதில் ஒரு சூப்பர்வைசர் பின்னாலிருந்து வந்து ஷூ அச்சுக்கட்டையால் அவளை அந்தத் தோளில் அடித்திருக்கிறான். அவன் வேலையை விட்டுப் போய் எத்தனையோ வருஷமாயிற்று. அவன் அடித்தபோது நுஸ்ரத் ஒன்றாம் வகுப்பில் இருந்திருப்பாள். வாங்காத அடிக்கு அந்தப் பெண்ணின் தோள் சுருங்குவதைப் பார்த்ததும் அம்சவேணிக்கு வந்த ஆத்திரத்தில் கண் கலங்கியது.

அவள் நேரே பதிவு அறைக்குப் போனாள். பதிவு இன்ஜினியர் தீனதயாளன் சேலத்துக்காரன், முப்பத்தொரு வயது, யார் குரல் உயர்த்தினாலும் "சரிங்க சார்" என்று பாதி எழுந்துவிடுகிற ஆள். ஒவ்வொரு பதிவையும் முதலில் தன் நெற்றியில் கட்டிச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. அதனால் பொறியியல் படித்தவர்களில் ஷூ தைக்கத் தெரிந்தவன் அநேகமாக அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"சார், என் கையை மட்டும் தனியா எடுக்க முடியாதா?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

அவன் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"முடியாதுக்கா. ஊசியை எங்க நிறுத்தணும், தோலை எப்பத் திருப்பணும்னு முடிவு பண்றது உங்க கை இல்லை, நீங்கதான். பட்டை அந்த முடிவைத்தான் எடுக்குது. அதோட நீங்க வேற எதையெல்லாம் சேர்த்து முடிச்சுப் போட்டு வச்சிருக்கீங்களோ அதெல்லாமும் கூடவே வந்துடும்."

"மேல இருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

தீனதயாளன் மேசையில் கிடந்த ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான். "மூணு வருஷம் முன்னாடியே எழுதிக் குடுத்தேன். பாத்ரூம் போற நேரம் பாதியாக் குறைஞ்சிருக்குன்னு ஜி.எம். சந்தோஷப்பட்டாரு. இனிமே முன்மாதிரிக்கு வேற யாரையும் போட வேண்டாம், அம்சவேணியே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு."

தன் தையலுக்காகத்தான் தன்னைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நாலு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவள் அவள். வீட்டில் மாமியாரிடம்கூட அதைச் சொல்லிச் சொல்லி மார்தட்டியிருக்கிறாள். இப்போது பார்த்தால் அவர்களுக்கு வேண்டியிருந்தது அவளுடைய வறண்ட தொண்டை. வெட்கமும் கோபமும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தன.

"சரி. அடுத்த பதிவுல நான் தண்ணி குடிக்கறேன். எழுந்து போறேன். அதுவும் பதியும்ல?"

"பதியும். கட்டிப் பாருங்க."

பட்டையைக் கட்டிவிட்டான். ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் மூன்று மடக்கு குடித்தாள். கண் தானாகக் கதவுப் பக்கம் போனது; தோள் தானாக உயர்ந்தது. மூன்றாவது மடக்கு புரையேறியது. திரையில் பச்சைக்கோடு ஒன்று செங்குத்தாக ஏறி நின்றதை அவன் காட்டினான்.

"நடிச்சா பதியாதுக்கா. நீங்க குடிக்கும்போது யாரு வருவாங்களோன்னு நடுங்கினீங்க. அந்த நடுக்கமும் சேர்ந்து போகும். இதைக் கட்டிக்கிட்டா நாளைக்கு அந்தப் பொண்ணுங்களுக்குத் தண்ணியைப் பார்த்தாலே உடம்பு உதறும்."

"அடுத்த பதிவுக்கு எவ்ளோ நாள் கீது?"

"ஆறு வாரம்."

"ஆறு வாரத்துல பயம் நெஜமாவே போயிட்டா?"

அவன் திரையை அணைத்தான். "பதிவுல ஏதாவது மாறியிருந்தா நான் எழுதியாகணும்க்கா. என் வேலையே அதான்."

"எழுதுங்க சார். எழுத வேணாம்னு நான் சொல்லல," என்று பட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டாள் அம்சவேணி.

பயத்தைப் போக்கிக்கொள்ள எங்கே போய்ப் பாடம் படிப்பது? மறுநாள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து மாதிரி ஷூ ஒன்றைத் தைத்துக்கொண்டே எட்டு வரிசையையும் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் அவள்தான் இருந்தாள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். இங்கே பெறாத பிள்ளைகள் முன்னூற்று இருபதும் அவளைப் போலவே முதுகை வளைத்து, அவளைப் போலவே உதட்டை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பார்க்கப் பார்க்கத் தன் முகத்தின் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

கூடத்தின் கடைசியில் பேக்கிங் மேசை இருக்கிறது. பத்தேகாலுக்கு அங்கே ஒருத்தி எழுந்தாள். முக்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள், அது கிறீச்சென்றது. அவிழ்ந்த கொண்டையை நின்ற இடத்திலேயே முடிந்தாள். சுவரோரமாகப் பதுங்கிப் போகாமல் நாலாவது வரிசைக்கும் ஐந்தாவது வரிசைக்கும் நடுவே, சந்தைக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். பக்தவச்சலுவின் மேசையைத் தாண்டும்போது அவரைப் பார்க்கவும் இல்லை, பார்க்காமல் இருக்க முயலவும் இல்லை. திரும்பி வரும்போது ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள்.

அவள் பெயர் ஜெயசீலி. முப்பத்தைந்து வயதிருக்கும். வலிப்பு வியாதி உள்ளவள் என்பதால் பட்டை கட்டக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தொழிற்சாலையில் பட்டை கட்டாத பெண் அவள் ஒருத்திதான். தையலுக்கு லாயக்கில்லை என்று பேக்கிங்கில் போட்டிருந்தார்கள்.

மத்தியானம் அம்சவேணி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"நீ எழுந்து போறியே, அத எனக்குக் கத்துக்குடேன்."

ஜெயசீலிக்குச் சிரிப்பு வந்து சோறு சிதறியது. "இதுல கத்துக்குடுக்க இன்னா கீது? வந்தா போறேன். நீ வந்தா இன்னா பண்ணுவ?"

"எனக்கு வரவே வராது."

ஜெயசீலி சாப்பிடுவதை நிறுத்தினாள். சிரிப்பும் நின்றது. "நான் மொதல்ல உன்ன மாதிரிதான் இருந்தேன். ஒருநாள் லைன்ல வலிப்பு வந்து விழுந்துட்டேன். எல்லார் முன்னாடியும் துணியிலயே ஆயிடுச்சு. கண்ணத் தொறந்தா சுத்தி நின்னு எல்லாரும் பாக்கறாங்க. அதுக்கு மேல இன்னா அசிங்கம் கீது சொல்லு? அன்னையோட போச்சு பயம். அத எப்பிடி நான் உனக்குக் கத்துத் தருவேன்?"

"நீ ஒண்ணும் தர வேணாம். நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் அது தொடங்கியது. உலகத்தில் மனுஷன் தோன்றிய நாளிலிருந்து இருக்கிற பழைய முறை. பார்ப்பது, செய்வது, சொதப்புவது, மறுபடி பார்ப்பது. நாலு நாளில் கைக்கு வராது.

முதல் நாள் அம்சவேணி எழுந்தாள், நாற்காலியை ஓசைப்படாமல் நகர்த்தினாள், சுவரோரமாகப் போனாள். பக்தவச்சலு தலையைத் தூக்கி, "எங்க?" என்றதும் திரும்பி வந்துவிட்டாள். இரண்டாம் நாள் கதவுவரை போனாள். மூன்றாம் நாள் போய்விட்டாள். ஆனால் போன இடத்தில் ஒன்றும் வரவில்லை. கதவுக்கு உள்ளே நின்று இருபது எண்ணிவிட்டுத் திரும்பினாள். காலையில் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வரத் தொடங்கினாள். பஸ்ஸில் அவஸ்தைப்பட்டாள். செத்துப்போன தாகம் இரண்டாவது வாரத்தில் ஒரு மத்தியானம் திடீரென்று உயிர்பெற்று எழுந்தபோது, தோல் பசை வாடையோடு அது தொண்டையை அறுத்தது. பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டுக் குனிந்து அழுதாள்.

"அட்டை எங்க?" என்றார் பக்தவச்சலு நாலாவது வாரம், வழியை மறித்துக்கொண்டு.

"ஆணியிலதான் கீது சார்," என்று சொல்லிவிட்டு அம்சவேணி அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். முன்மாதிரி நாற்காலியில் இருப்பவளை நிறுத்தி வைத்தால் புது சீசன் பதிவு நின்றுபோகும் என்று அவருக்கும் தெரியும். அவர் அதை மனசில் குறித்துக்கொண்டார், அவளும் குறித்துக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் அவள் தன் திட்டத்தை ஜெயசீலியிடம் சொன்னாள். ஜெயசீலி பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தாள்.

"அவளுங்களக் கேட்டியா?" என்றாள் ஜெயசீலி.

"இன்னா கேக்கணும்? அவளுங்க நல்லதுக்குத்தானே?"

"அவனும் அப்பிடித்தான் சொல்றான், உன் ஜி.எம்மு. நாளைக்கு எழுந்து போனதுக்கு ஒருத்தி வேலை போச்சுன்னா? அவ எழுந்தது அவளா எழுந்ததா, நீ எழுப்புனதா? கேக்காம அடுத்தவ மண்டைக்குள்ள கைய விடாத, அவ்ளோதான் சொல்லுவேன்."

அம்சவேணிக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் ஜெயசீலியுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் நாலாவது வரிசைப் பெண்களை உட்கார வைத்துச் சொன்னாள். நோன்பு எளிதாய்ப் போனது எதனால் என்று சொன்னாள். யாருடைய தோள் அவர்கள் உடம்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னாள். தெரியாமல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். இந்தத் தடவை தெரிந்தே செய்யப்போவதாகவும், வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடும்படியும் கேட்டுக்கொண்டாள்.

"எனக்குத் தாகம் திரும்பி வந்தாப் போதும்க்கா," என்றாள் நுஸ்ரத்.

"எனக்கு வேணாம்மா," என்றாள் கஸ்தூரி. "மூணு புள்ளைங்க கீது. இந்த வேலை போச்சுன்னா நான் எங்க போவேன்? நீங்க கண்ணாடிக்குள்ள இருக்கறீங்க, உங்கள ஒண்ணும் பண்ணமாட்டாங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. "வேணாம்னா பட்டைய நெத்தியில ஒட்டாம தளத்திக் கட்டிக்கோ. உனக்கு ஏறாது. தையல் மட்டும் நான் தனியா சொல்லித் தரேன்," என்றாள் அம்சவேணி.

விஷயம் ஒரு வாரத்தில் எட்டு வரிசைக்கும் போய்விட்டது. முன்னூற்று இருபது பேருக்குத் தெரிந்த ரகசியம். யாராவது ஒருத்தி அலுவலக மாடிப்படி ஏறினால் தீர்ந்தது. அம்சவேணி கண்ணாடி அறையிலிருந்து அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரி ஒருநாள் படியருகே போய் நின்றாள். செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு திரும்பிவிட்டாள். ஒருத்தியும் ஏறவில்லை. காட்டிக்கொடுக்காமலிருப்பதை அவர்கள் யாரையும் பார்த்தோ, எந்தப் பட்டையைக் கட்டியோ கற்கவில்லை.

பதிவு தொடங்கிய அன்று காலை பட்டையைக் கட்டுவதற்குள் அம்சவேணி இரண்டு தடவை கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இன்னும் பயம் இருக்கிறது என்றுதான் நினைத்தாள். புது மாதிரி, கணுக்கால்வரை வரும் பழுப்பு ஷூ. நாக்குப் பகுதியில் இரட்டைத் தையல். வளைவில் கொஞ்சம் பிசகினால் தோல் சுருங்கிவிடும். அந்த வளைவே அவள் கவனத்தை எல்லாம் வாங்கிக்கொண்டது. பதினோரு மணிக்கு ஊசிக்கு நூல் மாற்றும்போது கை ஈரமாக இருந்ததைப் பார்த்தாள். எப்படி ஈரமானது என்று யோசித்தாள். போய்விட்டு வந்திருக்கிறாள். எழுந்ததும் நடந்ததும் நினைவிலேயே இல்லை. தையல் ஞாபகம்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் முடிந்த பதிவைத் தீனதயாளன் தன் நெற்றியில் கட்டிக்கொண்டு சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தான். கையில் காலித் தண்ணீர் பாட்டில். அம்சவேணி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வளைவுத் தையல் பிரமாதமா வந்திருக்குக்கா," என்றான்.

"வேற ஏதாவது எழுதினீங்களா?"

"தையலைத்தான் சோதிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. தையல் சரியா இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டேன்." மணி ஐந்தாகியிருந்தது. ஜி.எம். கிளம்பாமல் அவன் ஒருநாளும் கிளம்பியதில்லை. ஆறு வருஷமாக அதுதான் வழக்கம். அன்றைக்கு மேலே ஜி.எம். அறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைக் கடந்து போனான்.

பட்டைகள் வரிசைக்கு வந்தன. நாலு நாள் பயிற்சி. ஐந்தாம் நாள் காலை அம்சவேணி தைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்பது மணி. ஒன்பதே கால். ஒருத்தியும் அசையவில்லை. ஆறு வாரப் பாடும் வீண் என்று மனசு விழுந்துபோனது. ஒன்பது நாற்பதுக்கு முதலாவதாக எழுந்தவள் கஸ்தூரி. பட்டையை அவள் தளர்த்திக் கட்டவில்லை போலிருக்கிறது. இரண்டு வரிசைக்கு நடுவே அவள் நடந்து போன நடை அம்சவேணியின் நடை அல்ல, ஜெயசீலியின் நடையும் அல்ல. மூன்று பிள்ளை பெற்ற, இடுப்பு வலியுள்ள கஸ்தூரியின் சொந்த நடை.

அந்த வாரம் தண்ணீர் கேன்கள் மத்தியானத்துக்குள் காலியாயின. அட்டைகள் எட்டும் ஆணியிலேயே தொங்கின. நர்ஸம்மா உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினாள். உற்பத்தி கொஞ்சம் குறைந்தது; கொஞ்சம்தான், ஆனால் ஜி.எம்முக்குத் தூக்கம் போவதற்கு அது போதும்.

மூன்றாவது வாரம் ரகோத்தமன் அம்சவேணியை மேலே கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பக்தவச்சலு சுவரோரம் நின்றார். தீனதயாளன் லேப்டாப்போடு ஓரமாக இருந்தான்.

"பதிவைக் கெடுத்தது நீதான்னு எனக்குத் தெரியும்," என்றார் ஜி.எம். "மூணு வாரம் கேமராவை வச்சு எண்ணியாச்சு. எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்தா, ஒரே மாதிரி நடந்தா, அது பட்டையிலேருந்து வந்ததுன்னு நிரூபிச்சு உன்னை இன்னைக்கே வெளிய அனுப்பிடுவேன். காட்டுய்யா அந்தக் கணக்கை."

தீனதயாளன் திரையைத் திருப்பினான். "அப்படி எதுவும் கிடைக்கலை சார். ஒருத்தங்க ஒன்பது மணிக்குப் போறாங்க, ஒருத்தங்க பதினொண்ணு பத்துக்கு. சிலர் நாலு வாட்டி, சிலர் ஒரே வாட்டி. மழை பெஞ்ச அன்னைக்குக் கூடுதலாப் போயிருக்காங்க. இதுல ஒரு ஒழுங்கும் இல்லை. அவங்கவங்களுக்கு வரும்போது அவங்கவங்க போறாங்க."

அவன் இந்தத் தடவை பாதி எழுந்து நிற்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்தபடியே சொன்னான்.

ஜி.எம்மின் முகம் சிவந்தது. "சரி. நிரூபிக்க வேணாம். நாளையிலேருந்து நீ கண்ணாடி ரூம்ல இல்லை. நாலாவது வரிசைக்குப் போ. வேற முன்மாதிரி பார்த்துட்டேன். வாயே திறக்காத பொண்ணு." மணியை அடித்தார். நுஸ்ரத் உள்ளே வந்தாள். தோளைக் குறுக்காமல் நின்றாள்.

"இனிமே நீதாம்மா முன்மாதிரி. பெரிய பொறுப்பு. முக்கியமா என்னன்னா, உட்கார்ந்தா உட்கார்ந்த இடத்துல..."

"வந்துடறேன் சார்," என்றாள் நுஸ்ரத். எல்லாருக்கும் கேட்கிற குரல். கதவைத் திறந்துகொண்டு போயே போய்விட்டாள்.

ஜி.எம். திறந்த வாயோடு கதவைப் பார்த்தார். "நான் பேசிக்கிட்டிருக்கேன்! எங்க போறா அவ?"

பக்தவச்சலு பழக்கதோஷத்தில், "அட்டை..." என்று ஆரம்பித்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டார். அம்சவேணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதற்கு அடக்க வேண்டும் என்று தோன்றியதும் சிரித்தேவிட்டாள்.

"சிரி," என்றார் ரகோத்தமன். "இங்க இருக்கற ஒருத்தியும் எனக்கு வேணாம். வாணியம்பாடியிலேருந்தோ குடியாத்தத்துலேருந்தோ பட்டையே பார்க்காத ஒருத்தியைக் கொண்டு வரேன். கேள்வி கேக்காம, எழுந்திருக்காம தைக்கறவளா. அப்புறம் என்ன பண்ணுவ?"

"கொண்டாங்க சார். எங்க உக்கார வெப்பீங்க?"

"கண்ணாடி ரூம்லதான். தனியா. உங்கள்ல ஒருத்தி அவகூட ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"கண்ணாடிதானே சார். உள்ள இருந்து பாத்தா எட்டு வரிசையும் தெரியும்," என்றாள் அம்சவேணி.

அவருக்கு அது விளங்கவில்லை. தீனதயாளனுக்கு விளங்கியது; அவன் லேப்டாப்பில் எதையோ தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டான். ஜி.எம். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்சவேணிக்குத் தொண்டை வறண்டிருந்தது. எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் தள்ளிவிட்டு, மாடிப்படி இறங்கிக் கூடத்துக்குள் வந்தாள். தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவள் போய் நாலாவதாக நின்றாள்.